கத்தியப்பனின் கை

ஏப்ரல் 22, திங்கள்

லீவு விட்டும் நிம்மதி இல்லை. மாங்காய் நறுக்கி, உப்புப் போட்டு, வெயிலில் வைத்த கையோடு பேரூராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். மாடியில் கூட்டம். பேருந்து நிலைய முக்கூட்டில் போர் நினைவுச் சின்னம் கட்டப் போகிறார்களாம். ஆகஸ்ட் பதினைந்து திறப்பு விழா. தலைவர் கோதண்டம் சிமெண்ட் கடைக்காரர். எதைக் கட்டினாலும் அவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

"படம் நீங்கதான் டீச்சர் போடணும். மேல்நாவலூர்ல உங்கள வுட்டா வேற யாரு கீறாங்க?" என்றார்.

வேறு யாரும் இல்லைதான். இந்த ஊர் அரசுப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியையாக வந்து தலை நரைத்துவிட்டது. வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்தில் இருக்கிற ஊர் இது. கிளம்புகிற பையன் எவனும் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவான். மூடியில் வெள்ளை பெயிண்டால் பெயரும் நம்பரும் எழுதித் தருவேன். என் கையெழுத்து காஷ்மீர் வரைக்கும் போய்வருகிறது என்று எங்கள் வீட்டுக்காரர் முன்பெல்லாம் கேலி செய்வார். டைரியில் எழுதினால் ஆயுசு குறையாது, அவர் பெயரையும் எழுதிவிடுகிறேன்: ஏகாம்பரம். ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

சரி என்று சொல்லிவிட்டேன். காரணம் ஒன்றே ஒன்று. தூணில் பெயர்கள் வெட்டுவார்கள். தணிகைவேல் பெயரும் வரும். என் மகன் பெயரை நானே எழுதுவேன். அதற்காக இந்தக் கோதண்டத்தை ஆகஸ்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

மே 2, வியாழன்

முதல் படத்தைக் கொண்டுபோனேன். கல்லில் ஒரு டிரங்குப் பெட்டி, மூடி திறந்தபடி. மூடியின் உட்புறம் பெயர்கள். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பிறகு கோதண்டம் தொண்டையைச் செருமினார். "பெட்டின்னா... பொணப்பெட்டின்னு நெனச்சுக்குவாங்க டீச்சர். பஸ்சுக்கு நிக்கிற எடம் பாருங்க."

முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவர் சுபேதார் மணவாளன் எழுந்து, எனக்குப் பாடம் நடத்தினார். துப்பாக்கியைத் தலைகீழாக, குழல் தரையில் பட நட்டு, அதன் மேல் இரும்புத் தொப்பியைக் கவிழ்க்க வேண்டுமாம். "வுழுந்த சிப்பாய்க்கு அதாம்மா மரியாத. சண்ட ஓஞ்சிடுச்சு, இவன் இனிமே சுட மாட்டான்னு அர்த்தம். ஒலகம் பூரா அப்டித்தான்."

வரைகிறேன் என்று வந்துவிட்டேன். வரும் வழியில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

மே 9, வியாழன்

இரண்டாவது படம். நடுவில் தூண், உச்சியில் சுடர், அடியில் தாமரை. "துப்பாக்கி எங்க டீச்சர்?" என்றார் சுபேதார். மறந்துவிட்டேன் என்றேன்.

மே 13, திங்கள்

மூன்றாவது படம். கைகூப்பி நிற்கும் சிப்பாய். "துப்பாக்கி?" என்றார். எனக்கு வரைய வராது என்றேன்.

பள்ளிச் சுவரில் குடியரசு தினத்துக்குப் பீரங்கி வண்டியே வரைந்தவள் நான். அது அவருக்கும் தெரியும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், மேலே கேட்கவில்லை. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தலைகீழாக நட்டால் அது பார்க்கச் சகிக்காது, சட்டை மாட்டுகிற கொக்கி மாதிரி இருக்கும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். வேறு ஒன்றுமில்லை.

மே 14, செவ்வாய்

மிக்ஸி நின்றுவிட்டது. அம்மியில் அரைத்தேன். தோள்பட்டை போய்விட்டது.

மே 20, திங்கள்

இன்று தனக்கோட்டி என்னைக் காப்பாற்றினாள். சந்தையில் கீரை விற்கிறவள். அவள் மகன் சம்பத்தும் என் தணிகையும் ஒரே நாளில் பெட்டி தூக்கிக்கொண்டு போனவர்கள். சம்பத் எல்லைச் சண்டையில் இறந்தான். வீரத்தாய் என்று அவளைக் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் அவள் வாயைத் திறந்ததே கிடையாது.

"துப்பாக்கி, தொப்பின்னு ஏன் சாரு அடிச்சுக்கிறீங்க? நம்ம கத்தியப்பன வெச்சா இன்னா? இந்த ஊருக்கு மொதல் சிப்பாயி அவன்தானே" என்றாள்.

மாடியே கலகலப்பாகிவிட்டது. சுபேதார்கூட மேசையைத் தட்டினார்.

கத்தியப்பன் ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் நிற்கிற கல். எந்தக் காலத்துச் சண்டையிலோ செத்த வீரன். பட்டாளத்துக்குப் போகிற எவனும் அவனைப் பார்க்காமல் பஸ் ஏற மாட்டான். தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற கத்தி முனையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டு, சிவப்புத் துணியில் ஒரு முழம் கிழித்துக் கையில் கட்டிக்கொண்டு போவான். கல்லில் முகமும் வெள்ளிக் கண்களும் அந்தக் கத்தி முனையும் மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் துணி. பழைய துணியை அவிழ்ப்பது வழக்கமில்லை, புதுசை மேலே மேலே சுற்றுவதுதான். அதனால் உடம்பை யாரும் பார்த்ததில்லை. கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிறான் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

தணிகைக்கு அந்தத் துணியைக் கட்டியவள் நானே. "இறுக்காதம்மா, ரத்தம் கட்டிக்கும்" என்றான்.

துப்பாக்கி போயே போய்விட்டது. வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். எதற்குப் பாயசம் என்று அவர் கேட்கவில்லை. அவர் எதையும் கேட்பதில்லை. வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவல் வேலை பார்த்தவர், போன வருஷம் அதை விட்டுவிட்டு, ஷூ கம்பெனி கேட்டில் விசில் ஊதுகிற வேலைக்குப் போகிறார்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. ஆறாம் வகுப்பில் ஒருத்தி யானைக்குப் பச்சை அடித்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

முக்கூட்டில் தூண் எழும்பிவிட்டது. முன்பக்கக் கல்லுக்குத்தான் என் படம். அதற்குக் கத்தியப்பனின் முழு உருவத்தையும் பார்க்க வேண்டும். துணியை அவிழ்க்கலாமா என்று பூசாரி பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தது. சாமி சம்மதம் கொடுத்துவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் ஏரிக்கரைக்குப் போனோம். கோதண்டம், சுபேதார், தனக்கோட்டி, பூசாரி, நான். எங்கள் வீட்டுக்காரரும் வந்தார், தண்ணீர் சுமக்க ஆள் வேண்டும் என்று சுபேதார் கூப்பிட்டதால். பூசாரி கத்தரிக்கோலால் துணியை வெட்டினார். வெட்ட வெட்டத் துணி. மேலே சிவப்பு, அடியில் போகப் போகக் கறுப்பு, கடைசியில் எண்ணெய்ப் பிசுக்கில் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தோம். முதலில் மார்பு தெரிந்தது. பிறகு கைகள்.

இடது கை தன் குடுமியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. வலது கையில் கத்தி. கத்தி தோளில் இல்லை. பிடரியில் இருக்கிறது. கழுத்துக்குப் பின்னால் குறுக்காகப் போய் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது முனை. அதில்தான் இத்தனை காலம் எலுமிச்சம்பழம் தேய்த்திருக்கிறோம்.

முகம் மட்டும் அமைதியாக இருக்கிறது.

கோதண்டம்தான் முதலில் பேசினார். "எதிரி கையா இருக்கும். பின்னால எவனோ நின்னு வெட்றான், கல்லுல தெரில."

"ரெண்டு கையும் அவனுதுதான் சாரு, நல்லாப் பாரு" என்றாள் தனக்கோட்டி.

"இன்னாய்யா இது, தானா அறுத்துக்கினவனையா நாம இத்தினி நாளா..." என்று ஆரம்பித்தார் சுபேதார். என்னைப் பார்த்தார். அப்படியே நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்த வேண்டும்? சொல்ல வந்ததைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. என்னைப் பார்த்து எதற்கு நிறுத்துகிறார்?

எங்கள் வீட்டுக்காரர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கரையிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு அந்தக் கல் என்னவென்று தெரியும். ஓவியப் பயிற்சியில் படித்தது. தன் படை ஜெயிக்க வேண்டும் என்று கொற்றவைக்குத் தன் தலையைத் தானே அரிந்து கொடுத்தவனுக்கு இப்படிக் கல் நட்டுக் கும்பிடுவார்கள். வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்து, உள்ளது உள்ளபடி வரைந்துகொண்டு வந்தேன்.

ஜூன் 17, திங்கள்

பூசாரி மறுபடியும் துணி சுற்றிவிட்டார். பார்த்தது வெளியே போகக் கூடாது என்று கோதண்டம் சத்தியம் வாங்கினார். மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சாயங்காலம் விளக்கேற்றப் போனவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

பெயர்க் கூட்டம். சுபேதார் ஒவ்வொரு பெயராக வாசித்தார். சம்பத் பெயர் வந்தபோது தனக்கோட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்தார். தணிகைவேல் பெயர் வரவில்லை.

"விட்டுப்போச்சு சார்" என்றேன்.

"விட்டுப்போகலம்மா."

"பட்டாளத்துல இருக்கும்போதுதானே போனான்? யூனிபாரத்துலதானே போனான்?"

"போர்ல வீழ்ந்தவங்கன்னு தலைப்பு போட்டிருக்கோம். அதுக்கு மேல என்னக் கேக்காதம்மா."

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. துப்பாக்கி துடைக்கும்போது நடந்த விபத்து அது. யார் கேட்டாலும் அதைத்தான் நாங்கள் சொல்கிறோம். வீட்டுக்காரர் அதைச் சொன்னார், நானும் அதைச் சொன்னேன், ஊரும் சரி சரி என்று தலையாட்டிக் காபி குடித்துவிட்டுப் போனது. இப்போது மட்டும் என்ன வந்தது?

சம்பத்தை மூவர்ணக் கொடி போர்த்திக் கொண்டுவந்தார்கள். பியூகிள் ஊதினார்கள், வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், கலெக்டர் வந்தார். தணிகை தனியார் வேனில் வந்தான். கொடி இல்லை. டிரைவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். கூட வந்த சிப்பாய் ஒருத்தன் என் முகத்தைப் பார்க்காமலே பெட்டியை இறக்கி வைத்தான். நான் எழுதிய எழுத்து மூடியில் அப்படியே இருந்தது, கொஞ்சம்கூட உரியவில்லை.

கூட்டம் முடிந்து தனக்கோட்டி வீடு வரைக்கும் கூடவே வந்தாள். "யக்கா, என் புள்ள பேர எடுத்துட்டு உன் புள்ள பேரப் போடச் சொல்லட்டா? எனக்குக் கல்லு எதுக்கு?" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவள் நல்லவளாக இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

புளி கொட்டை எடுத்தேன். நாள் பூராவும் அதே வேலை.

போன பொங்கலுக்கு முந்தைய பொங்கலுக்கு தணிகை லீவில் வந்தபோதும் புளிதான் ஆய்ந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொட்டையை உருட்டிக்கொண்டே இருந்தான். "திரும்பிப் போகாம இருந்துட்டா இன்னாம்மா பண்ணுவாங்க?" என்று சிரித்தான். "இன்னா பண்ணுவாங்க, அப்பா தோல உரிப்பாரு" என்று நானும் சிரித்தேன். அவன் நிறையத் தூங்கினான். நல்லா ரெஸ்ட் எடுக்கிறான் என்று சந்தோஷப்பட்டோம்.

ஜூலை 4, வியாழன்

கோதண்டம் வீட்டுக்கே வந்துவிட்டார், ஆப்பிள் பையோடு. எங்கள் வீட்டுக்காரரும் இருந்தார்.

"டீச்சர், சுத்தி வளைக்காம சொல்லிட்றேன். கத்தியப்பன் படத்துல அந்தக் கையக் கொஞ்சம் மேல தூக்கிடுங்க. கத்திய ஓங்கிக்கினு சண்டைக்குப் போற மாதிரி. அவ்ளோதான் வேல. ஊர்ல பேசிக்கிறாங்க, மந்திரி வர்றாரு, கழுத்த அறுத்துக்கிறவனக் காட்ட முடியுமா? இத நீங்க செஞ்சு குடுத்துட்டா, தணிகை பேரையும் கல்லுல ஏத்திடலாம். சுபேதார்கிட்ட நான் பேசிக்கிறேன். எல்லையில வீழ்ந்தான்னு இருந்துட்டுப் போகட்டும், யாரு போய்க் கேக்கப் போறா?"

ஆப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் குரல் கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு தானாக ஒரு வார்த்தை.

"வரைஞ்சு குடு ரேணு."

கோதண்டம் போன பிறகு அவரைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. "பேரு இருந்தாப் போதும். நாளைக்கு எவனும் எதுவும் சொல்ல முடியாது" என்றார். அவருக்கு வேண்டும், எனக்கும் வேண்டும். ஏப்ரலிலிருந்து நான் கேட்பது இதைத்தானே?

ஜூலை 7, ஞாயிறு

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பலகையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்லைப் பார்த்து வரைந்த படத்தை அப்படியே இன்னொரு தாளில் எடுத்தேன். பிறகு ரப்பரை எடுத்தேன்.

முதலில் கத்தியை அழித்தேன். பிறகு விரல்களை, மணிக்கட்டை, முழங்கையை. கழுத்துக்குப் பின்னால் எதுவும் இல்லாமல் போனது. அப்போதுதான் அந்தக் கழுத்தை முழுசாகப் பார்த்தேன். இளம் கழுத்து. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறபோது பிள்ளைகளுக்கு அங்கேதான் கூசும். அழித்த இடத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

கையை மேலே வரைந்தேன். கழுத்தை விட்டுத் தள்ளி, நன்றாக மேலே. குடுமியைப் பிடித்திருந்த கையையும் விடுவித்து இடுப்பில் வைத்தேன். ஒவ்வொரு கோடும் தானாக வந்தது. இவ்வளவுதானா? ஒரு கையை எடுத்துவிடுவது இவ்வளவு சுலபமா? அங்கே அந்த முகாமில் அத்தனை பேர் இருந்தார்களே, ஒருத்தன், ஒரே ஒருத்தன் பக்கத்தில் போய் அந்தக் கையை இப்படி நகர்த்தியிருக்கக் கூடாதா? நான் இருந்திருந்தால் நகர்த்தியிருப்பேன். கடித்தாவது இழுத்திருப்பேன்.

என்ன எழுதுகிறேன் என்று தெரிகிறது. எழுதியதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

படம் நன்றாக வந்திருக்கிறது. என் வாழ்நாளில் இப்படி ஒரு படம் வரைந்ததில்லை. யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

ஜூலை 8, திங்கள்

பலகை காலியாக இருப்பதைப் பார்த்து அவர் கேட்டார், "முடிச்சிட்டியா?" "முடிச்சிட்டேன்" என்றேன். அந்தப் படத்தைப் பரணில் பழைய விடைத்தாள் கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கத்தியை ஓங்கிய கத்தியப்பனை முக்கூட்டில் நிறுத்திவிட்டால் ஊர் அவனைத்தான் கும்பிடும். ஏரிக்கரையில் இருக்கிறவனை நாலு வருஷத்தில் மறந்துவிடும். அப்புறம் என் பிள்ளைக்கு இந்த ஊரில் யார் துணை? பொய்யாக ஒரு கல்லில் பெயர் இருக்கும். உண்மையில் அவன் மாதிரி நின்ற ஒரே ஆள் கத்தியப்பன். அவன் கையையும் நான் பிடுங்கிவிட்டால் தணிகை தனியாளாகிவிடுவான்.

ஜூலை 11, வியாழன்

கல்லில் உள்ளபடி வரைந்த படத்தை மேசையில் வைத்தேன்.

கோதண்டத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "டீச்சர், நாம பேசினது..."

"பேசினோம் சார். இதுதான் கத்தியப்பன். இவனுக்குத்தான் நீங்க எல்லாரும் பழம் வெச்சீங்க. இவன் துணியக் கட்டிக்கிட்டுத்தான் நம்ம பசங்க போனாங்க. தன் கையால போனவன்னு தெரிஞ்ச பிறகும் சாயங்காலம் விளக்கேத்தறீங்க. ஏத்துங்க, வேணாங்கல." குரல் உடையாமல் இருக்க மேசையைப் பிடித்துக்கொண்டேன். "என் மகனும் தன் கையாலதான் போனான். விபத்து இல்ல. துப்பாக்கி துடைக்கல. உங்க எல்லாருக்கும் தெரியும்னு எனக்கும் தெரியும். இவன வெச்சா அவன் பேரையும் வைங்க. அவன் பேர வைக்க முடியாதுன்னா இவனையும் வைக்காதீங்க."

எங்கள் வீட்டுக்காரர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வெளியே போனார். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

சுபேதார் என் பக்கம் திரும்பினார். "என் கூட இருந்தவன் ஒருத்தனும் அப்டிப் போனான்மா. நல்ல பையன். அவன் பேரக்கூட நாங்க அப்பறம் சொல்றதில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டம் வேறம்மா. என்னால கையெழுத்துப் போட முடியாது."

"அப்ப துப்பாக்கியும் தொப்பியுமே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் கோதண்டம். ரெடிமேடாகவே கிடைக்கிறதாம்.

தனக்கோட்டி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீரை வாசனை.

ஜூலை 12, வெள்ளி

அவர் என்னோடு பேசவில்லை.

ஜூலை 19, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. கூழ் ஊற்றினேன். அவர் குடிக்கவில்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. கல்வெட்டுகிறவருக்குப் பெயர்களை எழுதித் தர ஆள் இல்லையாம். கோதண்டம் நேரில் வரக் கூச்சப்பட்டு ஆள் அனுப்பினார். போனேன். போகாமல் என்ன? அந்தப் பெட்டிகள் எல்லாவற்றிலும் எழுதியவள் நான்தானே. இன்னொருத்தர் கோணல்மாணலாக எழுதினால் அந்தப் பிள்ளைகளுக்கு நல்லாவா இருக்கும்?

வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு சுண்ணக்கட்டியால் எழுதினேன். அகர வரிசை. சம்பத் பெயரை மற்றதைவிடக் கொஞ்சம் அழகாகவே எழுதினேன். அடுத்து தேவராஜ். நடுவில் இடம் விடவில்லை. விட்டால் என்ன என்று கை நின்றது, விடவில்லை. முழங்கால் வலி உயிர் போகிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஒட்டடை அடிக்கப் பரணில் ஏறினேன். விடைத்தாள் கட்டு இடம் மாறியிருந்தது. அடியில் என் படம் இல்லை. எலி இழுத்திருக்கும் என்று வீடெல்லாம் தேடினேன். அவரிடம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

திறந்துவிட்டார்கள். காலையில் அவர் கோட்டுப் போட்டு, மெடல்களைக் குத்திக்கொண்டு கிளம்பினார். சங்கத்து ஆட்கள் வரிசையாக நின்று சல்யூட் அடிக்க வேண்டும், அதில் அவரும் ஒருத்தர். போகும்போது என்னைக் கூப்பிடவில்லை. நான் தனக்கோட்டியோடு போனேன்.

மந்திரி திரையை இழுத்தார். துப்பாக்கி தலைகீழாக நின்றது, மேலே தொப்பி. இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்த்தேன். குழல், விசை, கட்டை, வார், எல்லாவற்றையும் பார்த்தேன். சகிக்காது என்று சொன்னேனே, அது பொய். செய்தவன் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பியூகிள் ஊதியபோது அழுதேன். அது என் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் என்று நானாக எடுத்துக்கொண்டேன், யார் கேட்கப் போகிறார்கள்.

சல்யூட் வரிசையைப் பார்த்தேன். சுபேதார் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் காலி இடம். காலையில் எப்படி அவரைத் தனியாக விட்டேன்?

தனக்கோட்டி காதில் சொன்னாள், "யக்கா, பயப்படாத. மாமா ஏரிக்கர பக்கமாப் போனாரு, நான் பாத்தேன்."

ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. கரை மேல் ஏறியதும் சிவப்புத் துணி குவியலாகக் கிடப்பது தெரிந்தது. என் துணி வெட்டும் கத்தரிக்கோல் பக்கத்தில். கத்தியப்பன் வெறும் உடம்போடு நின்றான். அவர் மெடல்களோடு அவன் எதிரில் முழந்தாளிட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டுப் பையில் என் படம் மடித்தபடி நீட்டிக்கொண்டிருந்தது. அவருடைய இரண்டு கைகளும் கத்தி பிடித்த அந்தக் கல் மணிக்கட்டின் மேல் இருந்தன. விரலெல்லாம் ரத்தம்.

"ஏங்க" என்றேன்.

திரும்பவில்லை. "படத்துல நீ எடுத்துட்ட ரேணு. இங்க வரல. காலையிலேருந்து இழுக்கறேன், வரமாட்டேங்குது."

கல்லுங்க அது, எப்படி வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைகளின் மேல் என் கைகளை வைத்துப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய்ப் பிசுக்கு வழுக்கியது. முக்கூட்டில் மறுபடியும் பேண்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். பூசாரி வந்து சத்தம் போடுகிற வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தோம்.